சிப்பியின் பொறுமை

பரிசளிப்பு விழா மேடைகளில் ஒரு சிப்பி தவறாமல் வந்துவிடுகிறது. உள்ளே புகுந்த மணல் உறுத்த உறுத்தப் பொறுத்துக்கொண்டதாம், கடைசியில் முத்தாகிவிட்டதாம். ஆகவே பிள்ளைகளே, நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள். சிப்பியைக் கண்ணால் காணாத ஊர்களில் இதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். இலங்கையின் மன்னார்த் தீவிலுள்ள தாழ்வுபாட்டுக் கரையில் சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அங்கிருந்து தெற்கே விரிவது மன்னார் வளைகுடா. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக்கு எதிரேயுள்ள முத்துப் பார்கள் அந்தக் கடலில்தான் இருக்கின்றன. முதலில், அந்த மணலே பொய். ஆயுள் முழுவதும் மணலுக்கு நடுவில் வாழும் பிராணிக்கு அதை வெளியே தள்ளத் தெரியாதா? 1902இல் வந்து இந்தப் பார்களை ஆராய்ந்த உயிரியலாளர் ஹெர்ட்மன், நாடாப்புழுவின் குடம்பியைச் சுற்றித்தான் முத்து விளைகிறது என்றார். பின்னால் வந்தவர்கள் புழு விஷயத்தில் அவரோடு முழுதாக உடன்படவில்லை. ஒட்டுண்ணியோ காயமோ சிப்பியின் மேலுறைத் திசுவை இடம்பெயர்த்து உள்ளே தள்ளினால் முத்து விளையும் என்பது இன்றைய விளக்கம். மேடையில் புழுவைப் பற்றிப் பேசினால் நன்றாயிராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

புழுவைக்கூட மன்னித்துவிடலாம், கணக்கை மன்னிக்க முடியாது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், மட்டும் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. அடுத்த ஆண்டு மறிச்சுக்கட்டிச் சலாபத்துக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப், பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃபின் கணவர். அங்கே பங்கு பிரித்த விதம் அழகானது. படகில் வந்த சிப்பியைக் குளியாட்களே மூன்று குவியலாக வைப்பார்கள். அவற்றில் இரண்டை அதிகாரி அரசுக்கென்று தொட்டுக்காட்டி எடுத்துக்கொள்வார், மீந்தது குளியாட்களுக்கு. தம் பங்கு எதுவென்று முன்கூட்டித் தெரியாததால் கள்ளக் குவியல் வைக்க வழியில்லை. எடுத்த சிப்பி திறக்கப்படாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வாங்கியவர்கள் நாட்கணக்கில் அழுகவிட்டு, ஈ மொய்த்துத் தீர்ந்தபின் கழுவிக் கழுவித் தேடுவார்கள். பெரும்பாலான சிப்பிகளில் விலைபோகும் முத்து இராது. முத்து கிடைத்த சிப்பியை மட்டும் நாம் மேடைக்கு அழைக்கிறோம். அதுவும் செத்தபிறகுதான் ‘வென்றது’, பரிசும் வேறொருவர் கழுத்துக்குப் போயிற்று. குளியாட்களும் வெறும் நெஞ்சுரத்தை நம்பிக் கடலில் இறங்கியவர்கள் அல்லர். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டி கரையில் இருந்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அவருக்குக் கூலி கொடுத்தது பிரிட்டிஷ் அரசு! பார்களோ 1907க்குப் பிறகு பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியின் விடாமுயற்சிக்குச் சிப்பி மசியவில்லை.

வளர்ப்பு முத்து இருக்கிறதே, உள்ளே ஒரு மணியை வைத்தால் சிப்பி அதை முத்தாக்கிவிடுகிறதே என்று கேட்கலாம். மணியை மட்டும் வைத்தால் உருண்டை முத்து வராது. இன்னொரு சிப்பியின் மேலுறையில் ஒரு துண்டை வெட்டி அதோடு ஒட்டவைக்க வேண்டும். பிறர் தசை இல்லாமல் பொறுமை பலிக்காது என்பதை ஜப்பானியர் நூறு ஆண்டுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். தசை தந்த சிப்பியின் கதி தனிக் கதை. தாழ்வுபாடு போன்ற கரைகளின் தாக்குப்பிடிக்கும் சக்தியையும் நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். கரைவலையைத் தனியாள் இழுக்க முடியாது. இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நிற்க வேண்டும். மடி நிறைந்து வந்தால் வலைக்காரச் சம்மாட்டிக்கும் இழுத்தவர்களுக்கும் பங்கு, வெறும் சாதாளைப் பாசி வந்தால் எல்லோருக்கும் வெறுங்கை. நட்டம் பல தலைகளில் பரவுவதால்தான் ஒரு தலை தாங்குகிறது. அதைத் தனிமனிதரின் மனவலிமை என்று பெயரிட்டுச் சான்றிதழ் கொடுக்கும்போது, பாதி கயிற்றை அறுத்துவிடுகிறோம்.

துன்பத்தால் பயனில்லை என்று சொன்னால் இளைஞர்கள் சோர்ந்துவிடமாட்டார்களா? இது நியாயமான கேள்விதான். ஆனால் மனிதரைச் சோரவைப்பது பொய்க் கணக்கு. வலையில் நண்டு கடித்த ஓட்டையும் பாரில் மாட்டிய கிழிசலும் வலை ஊசிக்கும் நூலுக்கும் அடங்கும். அங்கே பொறுமையைப் போதிக்கலாம், போதிக்காமலே மீனவர்களுக்கு அது உண்டு. 1990இல் மன்னார்த் தீவிலிருந்து படகேறித் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போனவர்களுக்கும், அதே ஆண்டு அக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஒதுங்கிய எருக்கலம்பிட்டி முஸ்லிம்களுக்கும் போனது ஊரே. திரும்பி வந்தவர்களைக் காட்டி மனவுறுதி என்று மெச்சுவது, அவர்களைத் துரத்தியவர்களுக்குச் செய்யும் உபகாரம். போர் முடிந்து கடலுக்குத் திரும்பியவர்களின் வலைகளை இந்திய இழுவைப் படகுகள் வாரிக்கொண்டு போயின. அப்படிப் போன வலைக்கு ஊசியால் ஆவது ஒன்றுமில்லை. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. அதே ஆண்டு இந்தியா 2,000 இழுவைப் படகுகளை மூன்றே ஆண்டில் ஆழ்கடல் தொழிலுக்கு மாற்றத் திட்டம் போட்டது. மூன்றாண்டுகள் எப்போதோ முடிந்துவிட்டன. போன வலைக்கு யார் பணம் கட்டுவது என்பதை இரண்டு அரசுகளும் முதலில் பேசி முடிக்கட்டும். தாழ்வுபாட்டாருக்குச் சிப்பிக் கதை சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.