இரைச்சலுக்கு ஒரு படலை

வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம் ஆகியவற்றுக்கு வெவ்வேறு ஒலிவாங்கிகள் வைத்துக் கச்சேரிகளைப் பதிவுசெய்யும்போது, மின்விசிறியின் இரைச்சலை அடக்க ‘நொய்ஸ் கேற்’ என்னும் கருவியை நான் நாடுவதுண்டு. அது மாடு புகாமற் காக்கும் எமது வளவுப் படலையை ஒத்தது. குறித்த மட்டத்துக்கு மேற்பட்ட ஒலிக்குத் திறக்கும்; ஒலி தாழ்ந்தால் மூடும். ஆயினும், திறந்த வேளையில் இரைச்சலும் பாட்டோடு நுழையும் என்பதை மறத்தலாகாது.

ஒவ்வொரு தடத்துக்கும் அம்மட்டத்தை, அதன் இரைச்சலுக்குச் சற்றே மேலாகத் தனித்தனியே வகுத்தல் வேண்டும். மிருதங்கத்துக்குப் பொருந்துவது வீணைக்குப் பகையாகும். வீணையில் ஒருமுறை மீட்டியபின், ஒலி தேய்ந்து செல்லும்போது தந்தியை இழுத்தே கமகங்கள் பல பிறக்கின்றன. அவ்வேளை படலை சாத்தப்பட்டால் இராகத்தின் உயிரே துண்டிக்கப்படும். ஆதலின் வீணைத் தடத்தில் மூடும் வேகத்தை மிகக் குறைத்து, முற்றாக மூடவிடாது, 10 டெசிபெல் அளவே ஒலியைத் தாழ்த்துவேன். இடையறாது ஒலிக்கும் தம்புராவுக்கோ படலையே இடேன். இவை யாவற்றையும் மூலப்பதிவைத் தொடாது அதன் பிரதியிலேயே செய்வேன். பதிவின்போதே அறுபட்ட நாதம் பின்னர் மீளாது.

விசிறியின் இரைச்சலைச் செவி சிறிது நேரத்தில் மறந்துவிடும். அறுந்த சுரத்தை மறவாது.