பாட்டு இருக்கு... பேரு போச்சு!

உங்க மொபைல்ல எத்தனை பாட்டுக்கு ஆர்ட்டிஸ்ட் பேரு 'அன்நோன்'னு காட்டுது? சினிமா பாட்டுன்னா கவலையில்லை. முதல் வரியைத் தேடினாலே முழு ஜாதகமும் வந்துடும். ஆனா, உலகத்துல ஒரே ஒரு காப்பி இருக்கிற பாட்டுன்னா?

எங்க தாத்தா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்தவர். நாதஸ்வரம்னா பைத்தியம். வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவையிலிருந்து தெருக் கல்யாணம் வரை டேப் ரெக்கார்டரோடு போய் நிப்பாராம். அவர் விட்டுட்டுப் போனது 43 கேசட். அட்டையில் பென்சிலால் எழுதினது பாதி அழிஞ்சிருந்தது. எல்லாத்தையும் எம்.பி.3 ஆக்கி, பாட்டி சொல்லச் சொல்ல வித்வான் பேரு, வருஷம், ராகம் எல்லாம் டேக்கில் தமிழிலேயே டைப் பண்ணினேன்.

சில மாசம் கழிச்சு, அண்ணன் லேப்டாப்பில் இருந்த பழைய பிளேயர் 'ஆல்பம் படம் சேர்க்கிறேன்'னு அந்த ஃபோல்டருக்குள்ள நுழைஞ்சது. அவ்வளவுதான். வித்வான்கள் இருந்த இடத்தில் ஏதோ ஐரோப்பிய எழுத்துக் கிறுக்கல்!

ஃபைலைப் பிரிச்சுப் பார்த்ததும் மேட்டர் புரிஞ்சது. எம்.பி.3 டேக்குக்கு ஐ.டி.3னு பேரு. 1996-ல் எரிக் கெம்ப் உருவாக்கினது. ஃபைலின் வாலில் மொத்தமே 128 பைட். அதில் ஆர்ட்டிஸ்ட் பேருக்கு 30. ராகத்துக்குன்னு இடமே கிடையாது. யூ.டி.எஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'எம்.எஸ்.சுப்புலட்சுமி'ன்னு போட்டா, 'எம்.எஸ்.சுப' வரைக்கும்தான் நிக்கும். அடுத்த புள்ளியில் மூணில் ஒரு பங்கு ஒட்டிக்கிட்டு இருக்கும்!

அப்புறம் ஃபைலின் தலையில் உட்காரும் பெரிய டேக் வந்தது. 1999-ல் 2.3, 2000-ல் 2.4. யூ.டி.எஃப்-8 வந்தது 2.4-ல்தான். நான் பயன்படுத்தின எடிட்டர் 2.4-ல் முழுசா எழுதி, வாலிலும் அதே தமிழை 30 பைட்டுக்கு வெட்டிப் போட்டிருந்தது. பழைய பிளேயருக்கு 2.4 படிக்கத் தெரியாது. வாலைப் படிச்சது. தமிழை லத்தீன்னு நினைச்சது. படிச்ச கிறுக்கலையே தலையில் 2.3 டேக்கா எழுதி, முழுப் பேரையும் அழிச்சிடுச்சு. ரெண்டுமே அதது சரின்னு நினைச்சதைத்தான் செஞ்சது. ஒண்ணு எழுதினது இன்னொண்ணுக்குப் புரியலை.

தாத்தா நெய்த பட்டுல கடைப் பேருதான் இருக்கும். அவர் பேரு இருக்காது. அதனாலதானோ என்னவோ, வாசிச்சவங்க பேரை மட்டும் கேசட் தவறாம எழுதி வெச்சிருக்கார்.

மறுபடியும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொண்ணா ஓடவிட்டேன். சீவாளி சத்தம் கேட்டதுமே பாதிப் பேரைச் சொல்லிட்டாங்க. 39 கேசட் தேறிடுச்சு. மீதி நாலுக்கு, "நாக்கு நுனியில நிக்குதுடா தம்பி, வரமாட்டேங்குது"ன்னாங்க.

இப்போ எல்லாமே 2.3, யூ.டி.எஃப்-16. எழுதறதுக்கு ஒரே சாஃப்ட்வேர். பிளேயர்களில் 'தானாகத் தகவல் சேர்' ஆப்ஷன் ஆஃப். பேரெல்லாம் தனியா ஒரு டெக்ஸ்ட் ஃபைல்லயும், ஒரு நோட்டுலயும் இருக்கு.

உங்க வீட்டுப் பரண்லயும் கேசட் இருக்கும் பாஸ். டேக்கை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல பேரு தெரிஞ்சவங்க பக்கத்துல நோட்டும் பேனாவுமா உட்காருங்க. அந்த நாலு கேசட்டுக்காக நான் தினமும் சாயந்திரம் உட்கார்ந்துக்கிட்டுதான் இருக்கேன்.