தோற்பாவையும் பள்ளிப் பிள்ளைகளும்

கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதையொட்டிய நெல்லைச் சீமையிலும் தோற்பாவைக் கூத்தை இன்றளவும் கைவிடாமல் நடத்திவரும் கலைஞர்கள் பெரும்பாலும் மண்டிகர் சமூகத்தார். வீட்டில் மராத்தி பேசி, திரைக்குப் பின்னால் தமிழில் இராம கதை சொல்லி, ஊர் ஊராகக் கூடாரத்தைச் சுமந்து சென்று ஜீவனம் நடத்திய குடும்பங்களின் சந்ததியார். அவர்களுள் முதியவர் ஒருவர் நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் சமுதாயக் கூடத்தில், கோடை விடுமுறைக் காலத்தில், பிள்ளைகளுக்குப் பாவை வெட்டவும் ஆட்டவும் கற்பிக்கிறார் என்று கேள்வியுற்று, அதனை நேரில் காணும் ஆவலோடு சென்றிருந்தேன்.

அந்தப் பகுதியில் இப்பயிற்சிக்குத் தனியானதொரு அவசியம் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னை இழிவுபடுத்தித் துன்புறுத்திய சக மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் முறையிட்ட பட்டியலினத்து மாணவன் ஒருவனை அவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த அவன் தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர் மணிக்கட்டில் சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்க்க ஆணை போதும். அவிழ்த்த கைகளை ஒரே வேலையில் ஈடுபடுத்த வேறு சாதனம் வேண்டும் என்பதே அக்கூடத்தில் எனக்கு உண்டான எண்ணம்.

பாவை செய்வது பொறுமையைச் சோதிக்கும் தொழில். ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிரும் கொழுப்பும் போகச் சுரண்டி, நாற்புறமும் இழுத்துக் கட்டி வெயிலில் காயவைத்தால், விளக்கொளி ஊடுருவும் பக்குவத்துக்கு அது வந்துசேர்கிறது. இவ்வளவையும் பெரியவரும் அவருடைய மகனும் முன்னதாகவே முடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். பிள்ளைகளின் பங்கு அதற்குப் பிற்பட்டது: தோலில் உருவம் வரைந்து, நகைக்கும் ஆடைக்கரைக்கும் சிறு உளிகளால் துளையிட்டு, இரு பக்கமும் ஒரே சாயம் ஏற்றி, தனித்தனியாக வெட்டிய கையையும் காலையும் நூலால் முடிந்து, பிளந்த மூங்கில் குச்சிக்கு நடுவே பாவையைப் பொருத்துவது. தோல் நழுவினால் உளி பிசகிவிடுமாதலால் ஒருவர் அழுத்திப் பிடிக்க, மற்றவர் கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். யாருக்கு யார் துணை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பெரியவரே தீர்மானித்தார். எந்தத் தெரு, எந்த வகுப்பு என்று அவர் ஒருவரையும் விசாரிக்கவில்லை. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோலைப் பிடித்த சிறுவர்கள், விரலுக்கு அருகில் உளி இறங்குவதைக் கண்டதும் தம்மையறியாமலே பேச்சுக் கொடுக்கத் தொடங்கினார்கள். "உளிய நேரா நிறுத்து மக்களே, சாஞ்சா தோலு கிழிஞ்சிரும்" என்பதைத் தவிர அவர் அதிகம் உபதேசிக்கவில்லை.

சாயங்காலம் வெள்ளைத் துணி கட்டி விளக்கேற்றினார்கள். பழைய கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிப் பாவைகள் வந்து ஒருவரையொருவர் ஏசியும் மொத்தியும் சிரிக்க வைப்பது வழக்கம். அச்சிரிப்பில் பிறருடைய அவமானமும் கலந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பெரியவரும் அதை மறுக்கவில்லை. ஆகவே உளுவத்தலையனை அவர் இங்கே வேறு உத்தியோகத்தில் அமர்த்தியிருந்தார்: கதையை நடுவில் நிறுத்தி, "அடுத்து என்ன செய்யணும்?" என்று சபையைக் கேட்பது அவன் வேலை. பார்ப்பவனையே நடிகனாக்கும் இம்முறையைப் பிரேசில் நாட்டு நாடகாசிரியர் அகஸ்டோ போவால் (1931–2009) ஒடுக்கப்பட்டோர் அரங்கு என்ற பெயரில் உலகெங்கும் பரப்பினார். பெரியவருக்கு இந்த யோசனையைச் சொன்னவர் அந்தக் கூடத்தை நடத்தும் ஆசிரியை.

கதை எளியது: இருவர் தங்கள் புத்தகப் பைகளை மூன்றாமவன் தலையில் சுமத்தி நடக்கச் செய்கிறார்கள், நான்காமவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். திரைக்குப் பின் சென்ற முதற் சிறுவன், சுமந்தவனைக் கொண்டு திருப்பி அடிக்கச் செய்தான். "நாளைக்கு அவன் ஆள் கூட்டிட்டு வருவானே?" என்றான் உளுவத்தலையன். அடுத்தவன் பாவையை ஆசிரியரிடம் ஓடவிட்டான். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு சிறுமி, "சொன்னா வெட்டுவாங்க" என்றாள். கூடம் அடங்கிவிட்டது. அந்த வார்த்தைக்குப் பொய்யான ஆறுதல் எதையும் பெரியவர் சொல்லாததை நான் மிகவும் மதிக்கிறேன். சற்றுப் பொறுத்து, "அப்ப நீயே வந்து ஆட்டு" என்று அவளை அழைத்தார். அவள் சுமத்துகிறவர்களையும் தொடவில்லை, சுமக்கிறவனையும் தொடவில்லை. பார்த்து நின்ற நான்காமவனை எடுத்து, ஒரு பையை அவன் வாங்கிக்கொண்டு உடன் நடக்கும்படி செய்தாள். பிறகு வேறு பிள்ளைகளும் தங்கள் பாவைகளோடு வந்து நெருக்கியதில் திரை முழுவதும் நிழலாகிவிட்டது.

பாவை அரிவாளைத் தடுக்காது. அதைத் தடுப்பது பள்ளியும் காவலும் பெற்றோரும் செய்ய வேண்டிய கடமை, அதைச் சிறுவர் தலையில் சுமத்துவது அநியாயம். எனினும் பார்த்து நிற்பவன் எதுவும் செய்ய இயலாதவன் அல்லன் என்பதை அச்சிறுமி கண்டுகொண்டாள். தன் சொந்தக் குரலில் சொல்ல அஞ்சியிருக்கக் கூடியதைப் பாவையின் கையால் செய்தாள்.

இரவு பெரியவரோடு சம்பாஷித்துக்கொண்டிருந்தபோது, தம் பிள்ளைப் பருவத்தில் பள்ளி சென்ற சில மாதங்களில் தம் வீட்டு மொழியையும் கூடாரத்தையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள் என்றார். "அந்தப் பயத்துல படிப்ப விட்டேன் சார். தோலு எங்கள விடல." இப்பயிற்சிக்கு அவருக்குக் கிடைப்பது வழிச்செலவும் சொற்பக் கூலியும்தான். பள்ளிகள் அவரை ஆண்டுவிழா விருந்தினராக அழைத்துத் துண்டு போர்த்துவதைவிட, மாதச் சம்பளத்தில் கைத்தொழில் ஆசிரியராக வைத்துக்கொள்வதே நியாயம் என்று அங்கேயே நான் ஆசிரியையிடம் சொன்னேன். அவருக்கும் அதில் சம்மதமே. பக்கத்து ஊரிலும் இப்பயிற்சியைக் கேட்டிருக்கிறார்களாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் காயாது, புரட்டாசிக்குள் முன்பணம் கொடுத்தால் வேண்டிய தோலைப் பக்குவம் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர் கணக்குச் சொன்னார்.