யாரோட கதை?

அமெரிக்காவுல மெடிக்கல் காலேஜுக்கு மார்க்கும் எம்கேட் நுழைவுத் தேர்வும் மட்டும் போதாது.
5,300 எழுத்துக்குள்ள ஒரு பொதுக் கட்டுரை எழுதணும்.
அப்புறம் ஒவ்வொரு காலேஜும் தனியா கேள்வி அனுப்பும். நீ வந்தா எங்க வகுப்புக்குப் புதுசா என்ன கிடைக்கும்னு பல காலேஜ் கேக்குது.

2023-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில இனத்தைக் கணக்குல எடுக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா உன் இனம் உன் வாழ்க்கையை எப்படி மாத்துச்சுன்னு எழுதத் தடையில்ல.

நியூ ஜெர்சியில இருக்கிற என் அண்ணன் பொண்ணு, இந்தக் கட்டுரையில தன்னோட பரதநாட்டிய அரங்கேற்றத்தை எழுதலாம்னு இருந்தா.
அழகான விஷயம்தான். நானும் கண் கலங்கிப் பார்த்தவ.

ஆனா அவ தம்பிக்குப் பிறவியிலேயே காது கேக்காது.
தமிழோட சேர்த்து சைகை மொழியும் பேசி வளர்ந்தவ இவ.
டாக்டர் அவன் முகத்தையே பார்க்காம இவகிட்ட பேசுவார். உனக்கு ஆபரேஷன்டான்னு பத்து வயசுப் பிள்ளை தம்பிக்குக் கையால சொல்லியிருக்கா.
மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1990-லயே வந்தாச்சு. சைகை மொழிபெயர்ப்பாளரை ஆஸ்பத்திரிதான் ஏற்பாடு செய்யணும். செய்யல.
இப்ப நினைச்சாலும் எனக்குக் கோபம் வருது.

"இதை எழுதுடி"ன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.
"அது அவனோட கதை அத்தை. என் சீட்டுக்கு நான் எடுத்துக்கலாமா?"

இப்படி யோசிக்கிற பொண்ணு டாக்டராகணும்னு மனசார ஆசைப்படுறேன்.
அவன்கிட்டயே கேளுன்னு சொல்லியிருக்கேன்.

கூடப்பிறந்தவங்களைப் பத்தி எழுதினவங்க இங்க யாராவது இருக்கீங்களா?
எதை எழுதினீங்க, எதை விட்டீங்க?