ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மலை

ஓசூரில் ஒரு டீக்கடை. சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு. அந்த ஞாயிற்றுக்கிழமையில் மேலகிரி மலைப்பக்கம் ஏறி இறங்கி, ராத்திரிக்குள் ரூமுக்குத் திரும்பிவிட வேண்டும். "தேன்கனிக்கோட்டை வரைக்கும் பைக், அப்புறம் நடை. அவ்வளவுதான்டா!" என்றான் ஒருவன்.

அவ்வளவுதானா?

முதலில் அனுமதி. காப்புக்காட்டுக்குள் கேட்காமல் நுழைவது குற்றம் என்பது ஒரு பக்கம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகே மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் 40 பாதைகளுடன் வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் சிகரமும் அதில் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டி கூடவே வருவார். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். எனவே தேதியைப் பார்த்துத்தான் ஆசைப்பட வேண்டும்.

அடுத்து யானை. ராகி விளையும் பருவத்தில் கர்நாடகாவின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் எல்லை தாண்டி ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் வரும். அவற்றுக்கு மாநில எல்லையும் தெரியாது, நம் லீவு நாளும் தெரியாது! விடிவதற்கு முன்பும் இருட்டிய பிறகும் காட்டோரம் நடக்கக்கூடாது என்பது இதனால்தான்.

அப்படியென்றால் கையில் இருப்பது பகல் மட்டும். அதைக் கணக்குப் போட ஒரு பழைய வழி உண்டு. 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். 600 மீட்டர் உயரம் ஏற இன்னும் ஒரு மணி நேரம். 10 கிலோமீட்டர் நடையில் 600 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி. இது நல்ல உடற்கட்டு உள்ளவருக்கு, ஓய்வெடுக்காமல் நடந்தால். நம் வெயிலுக்குப் பாதியாவது கூட்டி நாலரை மணி என்று வைப்பதே நல்லது. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், அதாவது மூன்று கிலோ சுமை. ஓசூர்க் குளிரை நம்பிக் குறைத்துவிடக்கூடாது. வெயில் ஏறினால் பாறை அடுப்பு மாதிரி கொதிக்கும்.

எல்லாம் எழுதி முடித்தபோது, அதுவரை பேசாமல் இருந்த நான்காமவன் மெல்லச் சொன்னான். "எனக்கு சனிக்கிழமை நைட் ஷிப்ட்டுடா. காலையில ஆறு மணிக்குத்தான் விடுவாங்க. பரவாயில்லை, அப்படியே வந்துடறேன்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க மெஷின் முன் நின்றவன் பாறையில் கால் இடறினால், தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியது மற்ற மூன்று பேர். அவனை விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை.

கடைசியில் திட்டத்தை மாற்றினார்கள். பெரிய மலை, அவனுக்குப் பகல் ஷிப்ட் வரும் வாரத்துக்குத் தள்ளிப்போனது. இந்த வாரம், அவன் மதியம் வரை தூங்கி எழுந்த பிறகு, ராயக்கோட்டை. 1791-ல் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. மாலையில் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம். காலுக்கும் பழக்கமாச்சு.

திட்டம் போடுவது என்றால் பையில் என்ன வைப்பது என்பது மட்டுமல்ல நண்பர்களே. கூட வருபவன் நேற்று ராத்திரி தூங்கினானா என்று கேட்பதும்தான்!