புதுச் செருப்பு யாருக்கு, பழசு யாருக்கு?

பழைய காலணிகளைச் சேகரித்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் நம் மண்ணில் எங்கே வேர் பிடித்தது என்று தேடப்போனால் முதலில் மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. குடையும் செருப்பும் தானம் செய்யும் முறையை ஏற்படுத்தியவர் யார் என்று தருமரே பீஷ்மரிடம் கேட்கிறார். பீஷ்மர் ஜமதக்னி முனிவரின் கதையைச் சொல்கிறார். முனிவர் அம்பு எய்ய எய்ய, மனைவி ரேணுகா ஓடி ஓடிப் பொறுக்கி வருகிறாள். உச்சி வெயிலில் தலையும் காலும் சுடவே, மர நிழலில் சற்று ஒதுங்கிவிட்டுத் தாமதமாக வருகிறாள். காரணம் அறிந்த முனிவர் சூரியன் மேலேயே அம்பைக் குறிவைக்கிறார். சூரியன் இறங்கி வந்து ஒரு குடையும் ஒரு ஜோடி தோல் செருப்பும் கொடுத்துச் சமாதானம் செய்கிறான். கதையில் வெந்தவை ஒரு பெண்ணின் கால்கள். ஆனால் கால் வேகும் அந்தணருக்குச் செருப்பு கொடுப்பவருக்குத்தான் பீஷ்மர் பலன் சொல்கிறார். இன்றும் ஈமச் சடங்கில் குடையோடு சேர்த்துத் தானம் கொடுப்பது கடையில் வாங்கிய புதுச் செருப்பைத்தான். வாசலில் கிடக்கும் பழசை எடுத்து வைக்க யாருக்கும் மனம் வராது.

அப்படியானால் பழசு யாரிடம் போயிற்று? தர்ம நூல்கள் இதை மறைக்கவில்லை. பிறர் போட்ட செருப்பையும் உடுத்திய துணியையும் அணியக்கூடாது என்று மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம் மேல் வருணத்தாரான இருபிறப்பாளருக்கு விதிக்கிறது. மேல் வருணத்தார் போட்டுத் தேய்ந்த செருப்பையும் குடையையும் துணியையும் சூத்திரர் பயன்படுத்த வேண்டும் என்கிறது கௌதம தர்மசூத்திரம். இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. புதுச் செருப்பு மரியாதையோடு மேலே போயிருக்கிறது. பழசு கீழே தள்ளப்பட்டிருக்கிறது. இன்று பழைய காலணிகளுக்காக நாம் வைக்கும் சேகரிப்புப் பெட்டிகள், வைத்தவர்களின் நல்ல மனதையும் மீறி, இந்த இரண்டாவது தடத்திலேயே இருக்கின்றன.

ஏட்டில் இருந்ததெல்லாம் ஊரில் நடந்ததா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏட்டை மூடிவிட்டு ஊரையே பார்ப்போம். ஆதிக்க சாதித் தெருவுக்குள் தலித் மக்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடக்க வேண்டிய கட்டாயம் தமிழகக் கிராமங்களில் நீண்ட காலம் இருந்தது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கத்து ராஜாவூரில் 2023 டிசம்பரில்தான் அங்குள்ள தலித் மக்கள் கூட்டமாகத் திரண்டு, காலில் செருப்போடு அப்படியொரு தெருவில் நடந்தார்கள். செருப்பு அணிவதே உரிமைப் போராட்டமாக இருக்கும் நாட்டில், எந்தச் செருப்பைக் கொடுக்கிறோம் என்பது சின்ன விஷயம் அல்ல.

வெறுங்காலுக்கு ஏதோ ஒன்று இருந்தால் போதாதா என்பது அடுத்த வாதம். கொக்கிப்புழு பெரும்பாலும் பாதத் தோல் வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது. அதைத் தடுக்கப் பழைய செருப்பும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் நாள்பட்ட ஷூ ஒன்றின் உள்ளே பாருங்கள். பெருவிரல் அழுத்திய குழி, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்த்த சரிவு, மடிந்து விறைத்துப்போன ஓரம் எல்லாம் முதலில் போட்டவரின் அளவுக்கே அமைந்திருக்கும். உணர்ச்சி மரத்துப்போன பாதத்தில் அந்த விறைத்த ஓரம் புண் உண்டாக்கினால் வலி தெரியாது. தொழுநோயாளிகளுக்காக வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் மென்மையான தனிக் காலணிகளுக்கு அத்தனை பாடுபட்டது இதனால்தான். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எம்.சி.ஆர். என்ற மென்மையான ரப்பர் செருப்பு எழுதித் தருவதும் இதே காரணத்துக்காக.

வீணாகக் குப்பைக்குப் போவதற்கு யாராவது போட்டுக்கொள்ளட்டுமே என்பதும் பலர் சொல்வது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரத்தில் வந்து குவிந்த பழந்துணிகள் இதற்குப் பதில் சொல்லிவிட்டன. வீடும் படகும் இழந்த மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. சாலையோரம் மலை மலையாகக் கிடந்தன. கூஞ்ச் என்ற தொண்டு அமைப்பு அவற்றைத் தரம் பிரித்து வேறு பயனுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. குப்பையைக் குறைப்பது நம் தேவை, அதைச் சுமக்கும் பொறுப்பை ஏழையிடம் விடக்கூடாது. மும்பையின் கிரீன்சோல் நிறுவனம் தேய்ந்த ஷூக்களைப் பிரித்து, அந்தப் பொருளிலிருந்தே செருப்பு செய்து பள்ளிப் பிள்ளைகளுக்குத் தருகிறது. தமிழக அரசும் பள்ளிகளில் புதுக் காலணிதான் கொடுக்கிறது. இவற்றைப் பார்த்துப் பழகியவர்கள், பெட்டி வைக்கும் முன் வாங்குபவரின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். தெருமுனையில் செருப்பு தைப்பவருக்கு உரிய கூலி கொடுத்து அறுந்த வாரையும் தேய்ந்த அடியையும் மாற்றலாம். அதற்கும் தேறாததைக் கொடுக்கவே வேண்டாம்.