கைக்குழந்தையோடு காரில் ஊருக்குப் போறீங்களா? கிளம்பும் முன் இதைப் படிச்சிடுங்க

பொங்கலுக்கு ஊருக்குப் போக இப்பவே திட்டம் போட்டிருப்பீங்க. ட்ரெயின் டிக்கெட் கிடைச்சிருக்காது. "நம்ம கார்தான் இருக்கே. ராத்திரி கிளம்பினா விடியறப்போ ஊர்ல இருக்கலாம். குழந்தையும் தூங்கிட்டே வந்துரும்" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

அந்தத் திட்டத்தைப் பற்றித்தான் இந்த நீண்ட இழை. வீட்டில் ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் கடைசி வரை படிங்க. இல்லையென்றால், இருக்கிற வீட்டுக்கு அனுப்பி வைங்க.

முதலில் ஒரே ஒரு கேள்வி.

உங்க காரில் குழந்தை எங்கே உட்காரும்?

நான் இதைக் கேட்கும்போதெல்லாம் பெரும்பாலான பெற்றோர் சொல்லும் பதில், "அம்மா மடியிலதான் டாக்டர்." சிலர் கூடவே, "முன் சீட்டுல. அங்கதான் ஏசி நல்லா வரும்" என்பார்கள்.

அம்மா மடியை விடப் பாதுகாப்பான இடம் உலகத்தில் இல்லை என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் அது உண்மை. ஓடுகிற காரில் உண்மை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நம்ம நெடுஞ்சாலையில் அது ரொம்ப மெதுவான வேகம். எதன் மீதோ மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது. கார் நிற்கும். குழந்தை நிற்காது. அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருக்கும். 7 கிலோ எடையுள்ள குழந்தையை அந்தக் கணத்தில் பிடித்து நிறுத்த, ஏறத்தாழ 100 கிலோவைத் தாங்குகிற பலம் வேண்டும். அதாவது ரெண்டு சிமெண்ட் மூட்டை. எந்த அம்மாவின் கையும், எந்த பயில்வானின் கையும் அதைப் பிடிக்காது.

இன்னொரு மாதிரி சொல்றேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம்.

"அம்மாவையும் குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட்டில் கட்டிட்டா?" என்று கேட்பீர்கள். அது இன்னும் மோசம். அம்மாவின் மொத்த எடையும் குழந்தையை பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும்.

"முன் சீட்டுல ஏர்பேக் இருக்கே?" அது பெரியவர்களின் உடம்புக்காகச் செய்தது. கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும். அதன் முன்னால் ஒரு பச்சிளம் தலை இருந்தால், காப்பாற்ற வந்த ஏர்பேக்கே உயிரை எடுத்துவிடும். குழந்தைக்கு முன் சீட் கூடவே கூடாது. மடியிலும் கூடாது, குழந்தை இருக்கையிலும் கூடாது.

நெடுஞ்சாலை ஓரத்து மருத்துவமனை ஒன்றில் அவசரப் பிரிவில் வேலை பார்த்த நாட்கள் உண்டு. அங்கே பார்த்த எத்தனையோ விபத்துகள் மறந்துபோய்விட்டன. ஒன்று மட்டும் போகவில்லை.

ஒன்பது மாதப் பையன். தலையில் பக்கவாட்டில் பெரிய வீக்கம். மயக்கமும் இல்லாமல், முழிப்பும் இல்லாமல் ஒரு நிலை. அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே வாக்கியம்தான். "சார், ஆக்சிடென்ட்டே நடக்கல சார். வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்ல."

நடந்தது இதுதான். ஆடுகள் குறுக்கே வந்திருக்கின்றன. அப்பா சட்டென்று பிரேக் போட்டிருக்கிறார். ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை, காருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன் சீட்டில் அம்மா மடியில் இருந்த குழந்தை டேஷ்போர்டில் போய் மோதிவிட்டது. விடியற்காலை. அம்மா கண் அசந்திருந்தார்.

ஸ்கேனில் மண்டையோட்டில் விரிசல். மேல் சிகிச்சைக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டான். சில வாரம் கழித்து அப்பா போன் செய்து சொன்னார்.

அந்த அம்மா மீது ஒரு துளி தப்பும் இல்லை. ராத்திரி முழுக்க பால் கொடுத்துக்கொண்டே வந்தவர். தூங்கினால் கை தளரும். அது உடம்பின் இயல்பு. அன்று அங்கே இல்லாமல் போனது அன்போ கவனமோ இல்லை. ஒரு இருக்கை.

சரி, அந்த இருக்கையைப் பற்றிப் பேசுவோம்.

பச்சிளம் குழந்தையின் தலை, உடம்பு நீளத்தில் கால் பங்கு. நமக்கு ஏழில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு கனமான தலையைத் தாங்கும் கழுத்தோ இன்னும் உறுதிப்படவில்லை. அதனால்தான் குழந்தை இருக்கையை, குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்க்கும்படி திருப்பி மாட்டச் சொல்கிறோம். திடீரென்று கார் நின்றால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கை ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும். தலை மட்டும் தனியாக முன்னால் போகாது.

எத்தனை மாதம் வரை? ஒரு வயது முடிந்தவுடன் திருப்பிவிடாதீங்க. அந்த இருக்கைக்கு எழுதியிருக்கிற எடை, உயர வரம்பைக் குழந்தை தொடும் வரை பின்பக்கம் பார்த்தே போகட்டும். கால் மடங்கி இருக்குமே என்று கவலைப்படாதீங்க. குழந்தைக்கு அது சௌகரியம்தான்.

வாங்கும்போது ஏ.ஐ.எஸ். 072 அல்லது ஐ.நா. ஆர் 129 தரக்குறி இருக்கிறதா என்று பாருங்க. யாராவது பழைய இருக்கை கொடுத்தால், அது விபத்தில் சிக்கியதா என்று கேளுங்க. சிக்கியிருந்தால் வேண்டாம். மாட்டுவதற்குப் பின் சீட். பட்டை தோளில் படிந்து இருக்கணும். பட்டையை விரலால் கிள்ளிப் பாருங்க. மடிப்பு வந்தால் இன்னும் இறுக்கணும். பட்டைக்கு அடியில் தடித்த போர்வை, ஸ்வெட்டர் வேண்டாம். குளிரடித்தால் பட்டைக்கு மேலே போர்த்துங்க, முகத்தை விட்டுவிட்டு.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, குழந்தை இருக்கையைச் சரியாகப் பயன்படுத்தினால் விபத்தில் குழந்தை இறக்கும் வாய்ப்பு 60 சதவீதம் வரை குறையும். சட்டமும் இருக்கு. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயசுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து வாங்காதீங்க.

விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும். சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனா காது குத்துக்கு மண்டபம் பிடிக்கிற வீடுகளில் இதற்குக் காசில்லை என்று சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நிஜமாகவே வாங்க முடியாதவர்களுக்குச் சொல்வது, முடிந்த வரை ட்ரெயினில் போங்க.

இனி என் வீட்டுக் கதை.

என் மகளுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். சுமார் 620 கிலோமீட்டர். போன் மேப் 10 மணி நேரம் என்றது. நாங்கள் ரெண்டு நாள் என்று முடிவு செய்தோம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, திருச்சியில் மச்சினன் வீட்டில் ராத்தங்கி, மறுநாள் மிச்சம். நான் ஓட்டினேன். பின் சீட்டில் மகள் இருக்கையில், பக்கத்தில் மனைவி, ஓரத்தில் அம்மா.

விழுப்புரம் தாண்டியதும் ஆரம்பித்தாள். சாதாரண அழுகை இல்லை. முகம் சிவந்து, மூச்சு முட்ட.

"ஏல, புள்ளைய அவுத்து எங்கிட்ட குடுக்கச் சொல்லு. ரெண்டு தட்டு தட்டுனா ஒறங்கிரும்" என்றார் அம்மா.

"வண்டிய நிறுத்துறேன்மா. நிறுத்தினப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் வச்சுக்கோ."

"நிறுத்துறதுக்குள்ள புள்ள அழுதே செத்துரும் போல. நீயெல்லாம் ஒரு டாக்டரு."

அடுத்த பெட்ரோல் பங்க் நாலு கிலோமீட்டர். நெடுஞ்சாலை ஓரத்தில் சும்மா நிறுத்துவது அதைவிட ஆபத்து. பின்னால் வருகிற லாரிக்கு நாம் நிற்பது தெரியாது. அந்த நாலு நிமிஷமும் மகள் அழுதாள். காரில் யாரும் பேசவில்லை. மனைவி அவள் நெஞ்சில் கை வைத்தபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மருத்துவராக எனக்குத் தெரியும், நாலு நிமிஷ அழுகை குழந்தையை ஒன்றும் செய்யாது. அப்பாவாக அது எவ்வளவு நீளம் என்பதும் அன்றைக்குத் தெரிந்தது.

பங்க் ஓரத்தில் வேப்பமரம். அம்மா பாயை விரித்தார். டயப்பர் மாற்றி, பால் குடித்து, தோளில் ஏப்பம் விட்டு, பாயில் காலை உதைத்துச் சிரிக்க அரை மணி நேரம். அப்போதுதான் அம்மா கேட்டார். "நாலு புள்ளைய பஸ்ஸுல மடியில வச்சேதான் வளத்தேன். யாருக்குல என்ன ஆச்சு?"

இந்தக் கேள்வி உங்க வீட்டிலும் வரும். அதனால் பதிலைச் சொல்லி வைக்கிறேன்.

அம்மா சொன்னது பொய் இல்லை. ஆனால் அன்றைய ரோட்டில் அந்த பஸ் போன வேகம் வேறு. இன்றைய நாலு வழிச்சாலையில் 100 கிலோமீட்டர் சர்வ சாதாரணம். வேகம் ரெண்டு மடங்கானால் அடி நாலு மடங்கு. அதோடு, ஒன்றும் ஆகாத வீட்டில்தான் "என்ன ஆச்சு?" என்று கேட்க ஆள் இருக்கும். ஆன வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை.

அம்மா பதில் பேசவில்லை. ஆனால் மறுவருஷம் என் தங்கை கைக்குழந்தையோடு கார் ஏறும்போது அவர் கேட்ட முதல் கேள்வி, "சீட்டு எங்கட்டி?"

மிச்ச விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போனில் சேமித்து வைங்க.

1. குழந்தை அழுதால் காரை நிறுத்தித் தூக்குங்க. பால் கொடுப்பதும் அப்படித்தான். ஓடுகிற காரில் பட்டையை அவிழ்க்க வேண்டாம்.

2. தொடர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கையில் வைக்காதீங்க. பிறந்து சில வாரமே ஆன குழந்தை என்றால் அரை மணிக்கு ஒரு தடவை பாருங்க, நீண்ட பயணத்தையே தள்ளிப்போடுங்க. தலை முன்னால் சாய்ந்து, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுப்பாதை அடைபடும். அதனால் குழந்தை பக்கத்தில் பெரியவர் ஒருவர் விழித்திருக்கணும். ஊர் போய்ச் சேர்ந்ததும் தூங்குகிறதே என்று இருக்கையிலேயே விடாமல், தூக்கிச் சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைங்க.

3. குறைமாதக் குழந்தை, மூச்சு அல்லது இதயப் பிரச்சினை உள்ள குழந்தை என்றால், தேதி குறிக்கும் முன் உங்க குழந்தை மருத்துவரைப் பாருங்க.

4. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். வெயில் என்று தண்ணீர், குளுக்கோஸ், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். கூடுதலாக ஒரு தடவை கொடுங்க. தண்ணீர் குடிக்க வேண்டியது அம்மா.

5. "வழியில தூங்கட்டும்" என்று சளி சிரப் கொடுக்கவே கூடாது. புரோமெத்தசின் போன்ற மருந்துகள் ரெண்டு வயசுக்கு உட்பட்ட குழந்தையின் மூச்சையே நிறுத்திவிடலாம்.

6. ஒரு டீ குடிக்கும் நேரம்கூடக் குழந்தையைக் காரில் விட்டுப் போகாதீங்க. வெயிலில் நிற்கும் காரின் உள்ளே 10 நிமிஷத்தில் 10 டிகிரி வரை ஏறும். கண்ணாடியை லேசாக இறக்கி விட்டாலும் பெரிய பயன் இல்லை. குழந்தையின் உடம்பு நம்மைவிட மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் சூடாகும்.

7. ராத்திரிப் பயணம் வேண்டாம். குழந்தை தூங்கும், உண்மை. விடியற்காலை ரெண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஓட்டுபவரின் உடம்பும் தூங்கத்தான் கேட்கும்.

8. வழியில் அவசரம் என்றால் 108. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. ரெண்டு எண்ணும் ஓட்டுபவர் போனில் மட்டும் இல்லாமல் எல்லார் போனிலும் இருக்கட்டும்.

தாத்தா பாட்டி வாசலில் காத்திருப்பார்கள். நாலு மணி நேரம் தாமதமாகப் போனால் கொஞ்சம் கோபிப்பார்கள். குழந்தையைக் கையில் கொடுத்ததும் அது போய்விடும்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க. ஓ.பி. முடித்து வந்து பதில் சொல்கிறேன்.

பத்திரமா போயிட்டு வாங்க.